இடப்பக்கம் சுற்றினால் மூடும்

அன்று காலை மதகடியில் இருந்தவர்கள் என் தம்பி தியாகேசன், அவன் மகள் மேகலா, கீழத்தெரு கண்ணாத்தாள், தென்னந்தோப்பு ஜெக்கரியா, பிறகு நான். இவ்வளவு பேர்தான். தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்ததால் வேறு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. கண்ணால் பார்த்ததாக இன்று டீக்கடையில் சொல்கிறவர்கள் அன்று போர்வைக்குள் இருந்தவர்கள். அதனால் இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் வாய்க்கால் பாமணி ஆற்றிலிருந்து பிரிகிறது. பிரியும் இடத்தில் மதகு. மதகைத் திறக்கவும் மூடவும் ஆன கைப்பிடி மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. யாரும் எழுதிக் கொடுத்ததும் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் ஊர் எங்கள் வாசலுக்கு வந்து நிற்கும். வேறு எந்த வீட்டு வாசலிலும் ஊர் அப்படி நின்றதில்லை. அப்பா காலமானபோது நான் தாலுகா ஆபீஸ் வேலையில் வெளியூரில் இருந்தேன். கைப்பிடி தம்பியிடம் போயிற்று. நான் சிரஸ்தாராக ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோதும் அதை அவனிடமிருந்து கேட்கவில்லை. அவன் கை அதற்குப் பழகியிருந்தது.

பழைய ஷட்டர் வலப்பக்கம் சுற்றினால் இறங்கும், இடப்பக்கம் சுற்றினால் ஏறும். தியாகேசன் நாற்பது வருஷத்துக்கு மேல் அதைச் சுற்றியிருக்கிறான். போன கோடையில் தூர்வாரும்போது துருப்பிடித்த பழையதைப் பிடுங்கிவிட்டுப் பல்சக்கரப் பெட்டி வைத்த புது ஷட்டர் போட்டார்கள். நல்ல ஷட்டர்தான், ஒரு குறையும் சொல்லமுடியாது. ஆனால் அது இடப்பக்கம் சுற்றினால் மூடும். பழையதில் மரை போட்ட தண்டு மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். புதியதில் தண்டு ஓர் இரும்புக் குழாய்க்குள் மறைந்துவிட்டது. பலகை கலங்கல் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மேலே போய் முட்டினாலும் கீழே போய் முட்டினாலும் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

கைப்பிடி இரண்டு கொடுத்தார்கள். ஒன்று தம்பி வீட்டு நடையில் ஆணியில் தொங்கியது. அது தொலைந்தால் உதவட்டும் என்று இன்னொன்றை என் வீட்டில் வைத்துக்கொண்டேன்.

ஆவணியில் ஒருநாள் விடியலில் ஆற்றங்கரைப் பக்கம் போனேன். தியாகேசன் அப்போதுதான் மதகை மூடிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். வாய்க்காலைப் பார்த்தால் தண்ணீர் முன்னைவிட வேகமாகப் போகிறது. முழுக்கத் திறந்துவிட்டு மூடியதாக நினைத்துக்கொண்டு போகிறான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ரோட்டில் போகிறவன் நின்று கேட்பான். வீட்டுக்குப் போய் என்னிடமிருந்த கைப்பிடியை எடுத்து வந்து மூடினேன். மூத்தவன் வேறு என்ன செய்வான்?

அதிலிருந்து அவன் மதகுக்குப் போய்வந்த பிறகெல்லாம் நான் போனேன். கைப்பிடியை மடித்த குடைக்குள் செருகிக்கொண்டு போவேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பதாகச் சொல்லிவைத்தேன். சில நாள் சரியாக மூடியிருப்பான், பல நாள் இருக்காது. புரட்டாசி முழுக்க இப்படிப் போயிற்று. யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்ல முடியாத வேலையைச் செய்துவிட்டுக் கரைமேல் தனியே திரும்பும்போது நாணல் பூத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் கொக்குகூட என்னைத் திரும்பிப் பார்க்காது.

மேகலா சித்திரையிலேயே ஊருக்கு வந்துவிட்டாள். அவள் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெங்களூரில் படித்தவள், படிப்பு முடிந்தும் படித்துக்கொண்டேயிருக்கிறவள். குரங்குகளைப் பற்றி ஆராய்ச்சி. அதற்கு எங்கெங்கோ போகவேண்டாம், நம் ஊரிலேயே கூட்டமாக இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்காகத்தான் வந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைவு. தியாகேசன் மழைச் சத்தம் காதில் விழவேண்டும் என்று டிவியை ஊமையாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் கம்ப்யூட்டரில் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நடுவில் சாப்பாட்டுத் தட்டு இருக்கும்.

மதகிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜெக்கரியாவின் தென்னந்தோப்பை ஒட்டி மூடிப்போன ரைஸ்மில் ஒன்று இருக்கிறது. நெல் காயப்போட்ட சிமெண்ட் களத்தில் அவள் இரண்டு டப்பாக்களை வைப்பாள். ஒன்றுக்குப் பச்சை மூடி, ஒன்றுக்கு மஞ்சள் மூடி. பச்சையில் மட்டும் நிலக்கடலை இருக்கும். வைத்துவிட்டு இடிந்த சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். காமிரா ஒன்று மரத்தில் கட்டியிருந்தது. குரங்குகள் ஒவ்வொன்றாக வந்து திறக்கப் பழகின. எல்லாம் பழகியதும் கடலையை மஞ்சளுக்கு மாற்றினாள்.

ஒருநாள் நானும் போய்ப் பார்த்தேன். ஜெக்கரியா அங்கே நின்றுகொண்டிருந்தார். பாசன சங்கத்துக்குச் செயலாளர் அவர். அத்தா என்று அவர் சொல்லும் அவருடைய தகப்பனார் அதிராம்பட்டினத்திலிருந்து வந்து இந்தத் தோப்பை வாங்கினார். எங்களை மச்சான் முறை சொல்லித்தான் கூப்பிடுவார்.

"வாங்க பெரிய மச்சான். குட்டிங்களப் பாத்தீங்களா? ஒரு நாளு ஏமாந்துச்சு. மறுநாளே மஞ்சளுக்குப் போயிடுச்சு. இதுங்களுக்கு மதக மூடக் கத்துக்குடுத்தா தியாகு மச்சானுக்கு ரெஸ்ட் குடுத்துடலாம்."

"விளையாட்டுக்கும் ஒரு எல்லை இருக்கு பாய்," என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. என் தேங்காயத் திங்கிற கோவத்துல சொல்றேன்."

அப்போது சுவர்மேல் ஒரு கிழக்குரங்கு தனியே உட்கார்ந்திருந்தது. முகம் சுருங்கி, காதோரம் முடி உதிர்ந்து, முதுகு வளைந்த பெண் குரங்கு. மற்றவை ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. அதன் அருகில் எதுவும் இல்லை. கண்ணாத்தாள் அதற்கு மாமியா என்று பெயர் வைத்திருந்தாள். அது மெல்ல இறங்கி வந்து பச்சை மூடியைத் தூக்கியது. உள்ளே ஒன்றுமில்லை. டப்பாவுக்குள் கையை விட்டுத் தடவியது. மூடியைப் போட்டுவிட்டுப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்தது. திரும்பவும் பச்சை.

"மறதியா?" என்று மேகலாவிடம் கேட்டேன்.

"மறதி இல்ல பெரியப்பா. மொதல்ல பச்சையக் கத்துக்கச் சொன்னப்ப குட்டிங்களுக்குச் சமமா கத்துக்கிச்சு. புதுசாக் கத்துக்கிறதுல வயசானதுங்க அவ்வளவு மோசமில்ல. கத்ததை விடுறதுதான் கஷ்டம்."

"எல்லாக் கிழடும் இப்படித்தானா?"

"இல்ல. தோப்புக்கு அந்தாண்ட ஒரு கெழட்டுக் கடுவன் இருக்கு, அது சுலபமா மாறிடுச்சு. ஒன்னு மாதிரி ஒன்னு இல்ல. அதான் எதையும் உறுதியா சொல்ல முடியல."

அவள் குரங்கைப் பார்த்துச் சொல்லவில்லை. களத்து ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கிழத்தையே பார்த்துக்கொண்டிருந்த தன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தப் பேச்சு இந்தக் களத்தோட இருக்கட்டும்," என்றேன். "வீட்டுக்கோ ஊருக்கோ வேண்டாம்."

ஐப்பசியில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம், திருவாரூரில். போகாமல் இருக்க முடியாது. முகூர்த்தம் முடிந்து கிளம்பலாம் என்றால் வானம் கிழிந்தாற்போல மழை. பஸ் ஓடவில்லை. மண்டபத்திலேயே தங்கினோம். எல்லோரும் சீட்டு விளையாடிக்கொண்டும் மிச்சப் பாயசத்தைக் குடித்துக்கொண்டும் இருந்தார்கள். நான் ஜன்னலருகே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குடை ஊரில் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஊருக்குள் நுழைந்தபோதே கண்ணாத்தாளின் குரல் கேட்டது. தம்பி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்புவரை சேறு.

மதகுக்குக் கீழே முதல் பள்ளம் அவளுடைய வயல். ஆறு மா நிலம். புருஷன் செல்லதுரை சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான். அவன் அனுப்பியதில் வாங்கிய நிலம்தான், ஆனால் உழவிலிருந்து அறுப்புவரை எல்லாம் அவள்தான். அவள் மாமனார் எங்கள் அப்பாவை வேறு விதமாகக் கூப்பிட்டார். இவள் எங்களை அண்ணே என்கிறாள். பழையது போயிற்று, போனது சரிதான்.

"அண்ணே, வெளில வாங்க! மூடிட்டேன் மூடிட்டேன்னீங்களே, எந்த மதக மூடுனீங்க? நம்மூரு மதகா, கல்லணையா?"

தியாகேசன் வெளியே வந்தான். "மூடிட்டுத்தான் கண்ணாத்தா வந்தேன். கையில முட்டுற வரைக்கும் சுத்துனேன்."

"முட்டுச்சு! ஏன் முட்டாது? ஆறே எறங்கி என் வயல்ல முட்டுது. நட்டு வேரு புடிக்கல. தண்ணிக்குள்ள குனிஞ்சு பயிரு எங்க இருக்குன்னு தடவிப் பாக்குறேன், சீப்புல வர்ற மயிரு மாரி கையோட வருது. அவரு போன்ல கேக்குறாரு, மதகு யாருகிட்ட இருக்குன்னு. நான் என்ன சொல்றது? பெரிய வீட்டுலதான் இருக்குன்னு பெருமையா சொல்லவா?"

"நஷ்டத்தை நாங்க பாத்துக்கிறோம்," என்றேன் நான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நஷ்டத்த யாரு கேட்டா பெரியண்ணே? இந்த மழையோட முடிஞ்சுதா? அடுத்தது வருதுன்னு டிவில கத்துறான். நாத்து வாங்கி மறுபடி நடுவேன். அதையும் முக்குவீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

தியாகேசன் அவளுடைய காலில் இருந்த சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சங்கம் கூடிப் பேசும் என்று மறுநாளே தெரிந்தது. கைப்பிடியை எங்கள் குடும்பத்திலிருந்து எடுத்துக் கரைக்காரத் தெரு ஆள் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்களாம். ஜெக்கரியா என் வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"கூட்டம் போட்டா ஆளுக்கொன்னு பேசுவான் மச்சான். உங்க வீட்டுக்கு அது அழகில்ல. நான் ஒன்னு சொல்றேன். வியாழக்கெழம மழ வருதாம். அன்னிக்குக் காலைல மதக மூடியாகணும். நான் வர்றேன், கண்ணாத்தா வரட்டும். தியாகு மச்சான் எங்க கண்ணு முன்னாடி ஒரு தடவ மூடிக் காட்டட்டும். காட்டிட்டா யாரும் வாயத் தொறக்க மாட்டான், நான் பொறுப்பு."

"காட்டாவிட்டால்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "காட்டுவாரு. ஏன் காட்டாம?"

செவ்வாய்க்கிழமை மாலை தம்பி வீட்டுக்குப் போனேன். உள்ளே மேகலா அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்று உயர்ந்திருந்தது.

"காமிராவுல இருக்குப்பா. உங்க கைதான். நான் டீ குடிக்கப் போறப்பல்லாம் பச்ச டப்பாவுக்குள்ள கடலையப் போட்டிருக்கீங்க. எவ்வளவு நாளா?"

தியாகேசன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "பாவமா இருந்துச்சும்மா. தெனம் வந்து வெறும் டப்பாவத் தொறந்து தடவிப் பாத்துட்டுப் போவுது. கேக்க நாதியில்ல அதுக்கு. நாலு கடலதானே?"

"நாலு கடல இல்லப்பா, என் ஆறு மாச வேல அது. நீங்க போட்டதாலதான் அது பச்சையையே தொறந்துச்சு. அதுக்கு மாறத் தெரியாதுன்னு எழுதி வெச்சிருக்கேன். மாறத் தெரியுமா தெரியாதான்னு இப்ப யாருக்குமே தெரியாது. அது வெறும் டப்பான்னு அதுக்குத் தெரிஞ்சாத்தானேப்பா அடுத்ததத் தொறக்கும்?"

"இனிமே போடல."

அவன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வை கலங்கவில்லை.

"பெரியப்பா, உங்கள ஒன்னு கேக்கணும். காமிரா மதகுப் பக்கமும் கொஞ்சம் தெரியுற மாதிரிதான் கட்டியிருக்கு. அப்பா போனதுக்கப்புறம் ஒரு குடை வருது. தெனமும் வருது."

நான் கையிலிருந்த குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

"அப்பா தப்பா மூடுறதே அவருக்குத் தெரியாது. தெரியறதுக்குள்ள நீங்க சரி பண்ணிடுறீங்க. நீங்களும் கடலதான் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க பெரியப்பா."

"இந்த வீட்டுப் பேரை ஊர் வாயில் விழாமல் பார்த்துக்கொண்டேன்," என்றேன். "அதற்குப் பெயர் கடலை இல்லை."

"அப்பவே சொல்லியிருந்தா அவரு மாறியிருப்பாரோ என்னவோ."

"மாறியிருப்பானா?"

"தெரியல. நெஜமாவே தெரியல."

புதன்கிழமை மாலை அவனை உட்காரவைத்துப் பழக்கினேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தான். கைப்பிடியைக் கையில் கொடுத்தேன்.

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்ண்ணே."

"சுத்து."

வாய் இடது என்றது. கை வலப்பக்கம் போயிற்று. பாதியில் உணர்ந்து நிறுத்திக்கொண்டான். திரும்பச் சொன்னேன். திரும்ப அப்படியே. பிறகு சரியாக வந்தது. பிறகு தவறியது. பிறகு விடாமல் சரியாக வந்தது. இருட்டும்போது அவன் இடது இடது என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றினான். அடுக்களையில் மேகலா குறவை மீன் குழம்பு கொதிக்கவைத்திருந்தாள். புதுத் தண்ணீரில் பிடித்த மீன். அவனுக்கு அது உயிர். அன்று தட்டைத் தொடவில்லை.

வாசலுக்கு வந்தபோது மேகலா கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பாவுடன் நின்றாள்.

"பெரியப்பா, ஷட்டர் பெட்டி மேல ஒரு அம்புக்குறி போட்டுட்டு வந்துடுறேன். மூடுற பக்கம் இதுன்னு. பாத்தாலே தெரிஞ்சிடும். அதுல என்ன அவமானம்?"

"எங்கள் அப்பா சுற்றிய மதகு அது. அவர் மகனுக்கு அம்புக்குறி போட்டுக் காட்டவேண்டுமா? நாளை கண்ணாத்தாள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். கீழத்தெரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டுமே."

"நான் இருக்கும்வரை வேண்டாம்."

அவள் டப்பாவை மூடிவைத்தாள். நான் சொன்னது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை விடிந்தபோது வானம் ஈயத் தகடுபோல இறங்கியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் கரையேறியபோது ஜெக்கரியா தலையில் பாலித்தீன் உறையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். கண்ணாத்தாள் பழைய சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வயலில் அழுகியதைப் பிடுங்கிவிட்டு நட்ட புது நடவு கீழே மங்கலாகத் தெரிந்தது. தண்ணீருக்குமேல் ஒரு விரல்கடை பச்சை.

"வாங்கண்ணே. டீ குடிச்சீங்களா?" என்று தியாகேசனிடம் கேட்டாள். அன்று வாசலில் நின்று கத்தியவள் என்று நம்ப முடியாது.

"ஆச்சும்மா."

ஆறு கரையைத் தொட்டு ஓடியது. வாழைமட்டையும் ஒரு பிளாஸ்டிக் குடமும் மிதந்து போயின. மதகு பாதி திறந்திருந்தது. ஜெக்கரியா என் காதருகே வந்தார். "சட்டுனு முடிச்சுக்கிட்டுப் போயிடலாம் மச்சான். எனக்கே கூச்சமா இருக்கு."

பிறகு, ஏன் கேட்டாரோ, மேகலாவைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, நீ இதப் பத்தித்தானே படிக்கிறே? அத்தாவுக்கு இது பழகிடுமா? நீயே சொல்லிட்டா நாங்க ஏன் மழையில நிக்கணும்?"

"அவள் படிப்பது குரங்கைப் பற்றி," என்றேன்.

தியாகேசன் மேடைமேல் ஏறினான். கைப்பிடியை மாட்டினான். இடது கை, வலது கை என்று இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டான். உதடு அசைந்தது. இடது என்றுதான் சொன்னான், நான் பார்த்தேன். பிறகு ஆற்றைப் பார்த்தான். அங்கேதான் தவறு. ஆற்றைப் பார்த்ததும் அவன் மறுபடி பழைய ஆளாகிவிட்டான். தோள் நிமிர்ந்தது, இடுப்பு வளைந்து கொடுத்தது, கை தன் பாட்டுக்கு வலப்பக்கம் சுற்றத் தொடங்கியது. என்ன அழகாகச் சுற்றினான்! அவ்வளவு லாகவமாக இந்த ஊரில் யாரும் சுற்றியதில்லை. ஒரு திக்கல் இல்லை. முட்டி நிற்கும்வரை சுற்றினான். நின்றதும் கைப்பிடியைக் கழற்றித் துண்டால் துடைத்தான்.

"ஆச்சு," என்றான்.

மதகுக்குக் கீழே தண்ணீர் குமுறிக்கொண்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தது. கண்ணாத்தாள் எழுந்து நின்றாள்.

அவன் சத்தத்தைக் கேட்டான். மூடிய மதகுக்கு அந்தச் சத்தம் கிடையாது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? திரும்பிக் கைப்பிடியை மாட்டினான். திரும்பவும் வலப்பக்கம் அழுத்தினான். நகரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்பா," என்றாள் மேகலா.

அவன் நிறுத்தினான். எங்களைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. புரியாமைதான் இருந்தது.

"பொரட்டாசி முழுக்க நான்தானே மூடுனேன்? ஒரு நாளும் தப்பலையே. ஏன் கண்ணாத்தா, ஒரு நாளாவது உன் வயல்ல தண்ணி நின்னுச்சா? இன்னிக்கு மட்டும் ஏன் இப்புடி?"

"நிக்கலண்ணே," என்றாள் அவள் மெதுவாக.

"அப்பறம் என்ன?"

ஜெக்கரியா தரையைப் பார்த்தார். மேகலா என்னைப் பார்த்தாள். கண்ணாத்தாள் அவள் பார்வை போன வழியே என்னைப் பார்த்தாள். நான் டாக்டர் சொல்லி நடப்பதாக நம்பியவள் அவள். எதிரே வரும்போதெல்லாம், "கொடைய விரிச்சுப் புடிங்க பெரியண்ணே, நனையிறீங்க," என்று சொன்னவள்.

"நான் மூடினேன்," என்றேன்.

தியாகேசன் என்னையே பார்த்தான். "எப்ப?"

"நீ போன பிறகு."

"தெனமுமா?"

"தவறிய நாளெல்லாம்."

அவன் தலையை அசைத்துக்கொண்டான். ஒரு கணக்கை மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறவன்போல இருந்தது. பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்தான். கைப்பிடியை என்னிடம் நீட்டுவான் என்று நினைத்தேன், கையும் நீட்டினேன். அவன் என்னைத் தாண்டிப் போய்க் கண்ணாத்தாள் முன் நின்றான்.

"நீ புடி."

"எனக்கு எதுக்குண்ணே? பெரியண்ணன் இருக்காங்க."

"மொதல்ல முங்குறது உன் பயிரு. நீ வெச்சிருந்தாத்தான் சரியா இருக்கும். எந்தப் பக்கம்னு மேகலா சொல்லுவா."

"பக்கம் எனக்குத் தெரியும்ணே," என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கோவத்துல அன்னிக்குப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"பேசலன்னா எனக்கு எப்புடித் தெரியும்? வேற யாரும் சொல்லலையே."

அவள் ஏறி, மாட்டி, இடப்பக்கம் சுற்றினாள். தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மழை வலுத்தது. ஜெக்கரியா பாலித்தீன் உறையை எடுத்துத் தியாகேசன் தலையில் கவிழ்த்தார். அவன் அதைத் தள்ளிவிட்டு முன்னால் நடந்தான். மேகலா அவன் பின்னால் போனாள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

என்னிடமிருந்த இன்னொரு கைப்பிடியை மறுநாள் நானே கண்ணாத்தாள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் வாசலில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காரவில்லை. கொடுத்துவிட்டு வந்தேன்.

மேகலாவுக்குப் பெங்களூரிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கிழக்குரங்கின் கணக்கை மொத்தமாக நீக்கிவிட்டாளாம். தையில் வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவாளாம். அதுவரை அந்தக் குரங்கு இருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். அப்பாவைத் தன்னோடு வரச்சொன்னாள். அவன் வரவில்லை. மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தியாகேசன் இப்போதும் விடியலில் மதகுக்குப் போகிறான். வெறுங்கையோடு போகிறான். சில நாள் கண்ணாத்தாள் அங்கே இருப்பாள். அவள் சுற்றும்போது பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, "போதும்," என்பான். பல நாள் அவன் போவதற்குள் அவள் வேலையை முடித்துக்கொண்டு நடவாட்களோடு போயிருப்பாள். அப்போது தனியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறான். நான் அவன் பின்னால் போவதில்லை. என்னோடு அவன் பேசுவதும் இல்லை. எதிரே வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வான். மரியாதையில் குறை வைக்கவில்லை.

ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. அன்று தம்பிக்குக் கை தவறியதும் அண்ணன் மேடையேறி மதகை மூடிவிட்டார், பெரிய வீட்டு மானம் போகாமல் காப்பாற்றிவிட்டார், கைப்பிடி இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது, கண்ணாத்தாள் அவர் சொல்லி மூடுகிற ஆள்தான் என்கிறார்கள். என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறவர்களே அதைச் சொல்கிறார்கள்.

அது உண்மையில்லை. புரட்டாசியில் மூடியது நான். அன்று மூடியது கண்ணாத்தாள். கைப்பிடி இரண்டும் அவள் வீட்டில் இருக்கின்றன.